மண்டபத்தில் உட்கார வைத்தாலும் அது காவல்தான்

இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால் தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ மறியல் நடக்கும். அது முடியும் விதமும் ஊருக்குப் பழகிப்போனதுதான்: பேச்சுவார்த்தை முறியும், போலீஸ் வேன் வரும், கல்யாண மண்டபத்தில் பொட்டலச் சோறு, சாயங்காலம் "எல்லாரும் கிளம்புங்க". மறுநாள் பேப்பரில் "மறியல் செய்தவர்கள் கைது" என்று வரும். ஸ்டேஷனில் கேட்டால் "கைதெல்லாம் இல்லை, சும்மா உட்கார வச்சிருந்தோம்" என்பார்கள். சட்டத்தில் சும்மா உட்கார வைப்பது என்று ஒரு வகையே கிடையாது. எழுந்து போக முடியாதபடி ஒருவரை நிறுத்தினால் அதற்கு ஒரு பிரிவு எண் வேண்டும், ஒரு கால வரம்பு வேண்டும்.

கலைக்கச் சொல்ல யாருக்கு அதிகாரம்

ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19(1)(ஆ) தரும் உரிமை. ஆனால் பொதுச் சாலையைக் காலவரையின்றி அடைத்து உட்கார அந்த உரிமை இடம் தராது. டெல்லி ஷாகீன் பாக் சாலை மறியல் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். ஆகவே மறியலை எடுக்கச் சொல்வதே அத்துமீறல் என்று வாதாடிப் பயனில்லை. எப்படி எடுத்தார்கள் என்பதில்தான் வழக்கு நிற்கும்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதன் 148-ம் பிரிவு கூட்டத்தைக் கலைப்பதைப் பற்றியது. சட்டவிரோதக் கூட்டத்தையோ, பொது அமைதியைக் குலைக்கக்கூடிய 5 அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் கூட்டத்தையோ கலைந்து போகச் சொல்லும் அதிகாரம் தாசில்தார் போன்ற நிர்வாக நடுவருக்கும் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் உண்டு. பொறுப்பு அதிகாரி இல்லாதபோது, எஸ்.ஐ.க்குக் குறையாத அதிகாரி சொல்லலாம். ஏட்டு உத்தரவு போட்டு லத்தியைத் தூக்க முடியாது. சொல்லியும் கலையாவிட்டால், அல்லது கலையவே மாட்டோம் என்று கூட்டம் நடந்துகொண்டால், பலத்தைப் பயன்படுத்தலாம். தேவைப்பட்டால் கைது செய்து அடைத்தும் வைக்கலாம். கூட்டம் அடங்கிய பிறகும் விழுந்து கிடப்பவரை அடித்தால் அது கலைப்பதில் சேராது. அப்படிப்பட்ட ஒரு வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

சுற்றி வளைப்பது

கயிறோ தடுப்பு வேலியோ போட்டுக் கூட்டத்தை நடுவில் நிறுத்தி, உள்ளேயும் வெளியேயும் யாரையும் விடாமல் வைக்கும் உத்தியை வெளிநாடுகளில் கெட்லிங் என்கிறார்கள். 2001 மே 1 அன்று லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸில் சுமார் 7 மணி நேரம் அப்படி நிறுத்தினார்கள். வன்முறையைத் தவிர்க்க வேறு வழி இல்லாத நிலையில் அதைச் சுதந்திரப் பறிப்பாகக் கருத முடியாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012-ல் சொன்னது. நம் சட்டத்தில் இந்த உத்திக்குப் பெயரும் இல்லை, தனிப் பிரிவும் இல்லை.

பாம்பன் சாலைப் பாலத்தை வைத்துப் பாருங்கள். 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் கடல். நடுவில் கூட்டம் நிற்கும்போது இரண்டு முனையையும் போலீஸ் அடைத்துவிட்டு "கலைந்து போ" என்றால் எங்கே போவது? கலையச் சொல்பவர் வழியும் விட வேண்டும். வழி விடாத நிமிடத்திலிருந்து அது காவலில் வைத்தல். அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நாங்க போகலாமா, எந்தப் பக்கமா போகணும்?" வீடியோ ஓடும்போதே கேளுங்கள். "போகக் கூடாது" என்ற பதில் வந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு 24 மணி நேரக் கணக்கு. குற்றத்தைத் தடுக்கக் கைது செய்வது 170-ம் பிரிவு. போலீஸின் சட்டப்படியான கட்டளைக்குக் கீழ்ப்படியாதவரை அப்புறப்படுத்தவோ பிடித்து வைக்கவோ இடம் தருவது 172. இது புதிய சட்டத்தில் வந்த பிரிவு. நடுவர் முன் நிறுத்தாமல் 24 மணி நேரத்துக்கு மேல் இரண்டிலும் வைக்க முடியாது. ஸ்டேஷன் பதிவேட்டில் பெயர் ஏறிய நேரத்திலிருந்து எண்ணுவார்கள். எண்ண வேண்டியது வேனில் ஏற்றிய நேரத்திலிருந்து. கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும் (47), வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும் (48), விசாரணையின்போது வக்கீலைப் பார்க்க விட வேண்டும் (38).

மீனவர் போராட்டங்களில் பெண்கள் நிறையப் பேர் உட்காருவதால் இதையும் சொல்ல வேண்டும். சூரியன் மறைந்து உதிக்கும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழலில் பெண் அதிகாரி, முதல் வகுப்பு நடுவரிடம் முன்அனுமதி பெற்றுச் செய்யலாம். ஆனால் இதை மீறினாலே கைது செல்லாது என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025-ல் இது வழிகாட்டும் விதிதான், மீறினால் அதிகாரி விளக்கம் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

"144 போட்டிருக்கு"

செப்டம்பர் 11 பரமக்குடி இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்கும் அக்டோபர் 30 பசும்பொன் தேவர் ஜெயந்திக்கும் இடைப்பட்ட நாட்களில் ராமநாதபுரம் மாவட்டத்தில் தடையுத்தரவு ஆண்டுதோறும் கேட்கிற வார்த்தை. பழைய 144-க்கு இப்போது எண் 163. அதிகபட்சம் 2 மாதம். அதற்கு மேல் நீட்டிக்க மாநில அரசு ஆணை வேண்டும். உத்தரவை வெளியிட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், திரும்பத் திரும்பப் போடக் கூடாது என்று 2020-ல் காஷ்மீர் இணையத் தடை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இன்னொன்று, கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் அனுமதி வாங்கச் சொல்லும் போலீஸ் சட்டம் 30(2). இது ஒழுங்குபடுத்தத்தான், எதிர்ப்பையே முடக்க அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகச் சொன்னது. தண்டோரா போட்டோ, அரசிதழிலோ பரவலாகப் போகும் நாளிதழிலோ வெளியிட்டோ ஊருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. ஆகவே எழுத்து நகலைக் கேளுங்கள்.

ரயில் மறியல் கணக்கே வேறு: ரயில்வே சட்டம் 174, 2 ஆண்டு வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சாயங்காலம் விட்ட பிறகு

விட்டுவிட்டார்கள் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவதுதான் பெரிய தப்பு. எப்.ஐ.ஆரில் நாலைந்து பெயரும் "மற்றும் பலர்" என்றும் இருக்கும். அந்தப் பலரில் நம் பெயர் பின்னால் சேரலாம். தொண்டியிலோ கீழக்கரையிலோ வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கும் பையனுக்கு இது தெரிய வருவது பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் வரும்போதுதான். எப்.ஐ.ஆர். போட்டது மட்டுமே நிலுவை வழக்கு ஆகாது. குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்பில் எடுத்திருக்க வேண்டும். உத்தரவை மீறினார் என்ற குற்றத்துக்கு (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 223) சம்பந்தப்பட்ட அதிகாரி எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுக்க முடியும். அது இல்லாமல் போட்ட வழக்கை ரத்து செய்ய மதுரைக் கிளைக்குப் போகலாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு; 15100-ஐக் கூப்பிட்டால் போதும்.

அடிபட்டிருந்தால் மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். அதற்கு முன், அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி. டாக்டர் எழுதும் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) எப்படி அடிபட்டது என்று ஒரு வரி இருக்கும். லத்தி அடி என்று நீங்கள் சொன்னது அங்கே "கீழே விழுந்தார்" என்று ஏறியிருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே திருத்தச் சொல்லுங்கள்.