ஆபீஸ் மெயிலைப் போனில் வைக்கும்போது அந்தப் பக்கத்தைப் படிச்சுப் பாருங்க

நாகர்கோவிலில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே உடைந்து வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் வருவது, "ஆபீஸ் மெயில எனக்க போனுல வச்சுத் தாங்கண்ணே" என்று கேட்பவர்கள்தான். கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு ரயிலேறிப் போய்வருகிற பிள்ளைகள், வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்பவர்கள், லீவுக்கு வந்திருக்கும் வளைகுடாக்காரர்கள். ரெண்டு நிமிஷ வேலை என்று நினைத்து வருவார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான், அதில் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தான். போனிலேயே இருந்த மெயில் ஆப்பில் அவன் கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச் கணக்கைச் சேர்த்தேன் (எக்ஸ்சேஞ்ச் என்பது கம்பெனிகளுக்கான மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வர்). பாஸ்வேர்டு போட்டதும் ஒரு பக்கம் வந்தது. எல்லாத் தரவையும் அழிக்க, ஸ்கிரீன் லாக்குக்கு விதி வைக்க, போனைப் பூட்ட, கேமராவை நிறுத்த என்று வரிசையாக அனுமதி கேட்டு, கீழே 'ஆக்டிவேட்' என்று ஒரு பட்டன். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள், படிக்காமல் அமுக்கிவிட்டேன். உடனே பின் நம்பர் வைத்தால்தான் ஆச்சு என்று போன் அடம்பிடித்தது. "இது எதுக்குண்ணே?" என்றான். "ஆபீஸ் மெயில்னா அப்படித்தான்டே" என்று சொல்லி அனுப்பினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அவன் வேலையை விட்டான். மறுநாள் காலையில் நெட்டை ஆன் செய்ததும் போன் தானாக அணைந்து எழுந்து, புதுப் போன் மாதிரி எந்த மொழி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றதாம். மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அந்தப் போனில்தான் இருந்தன, பேக்கப் கிடையாது. இப்போதைய போன்களில் தரவு குறியாக்கம் செய்யப்பட்டே இருக்கும், ரீசெட் ஆனால் அதைத் திறக்கும் சாவியும் சேர்ந்து போய்விடும். மீட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கம்பெனிக்காரரைத் திட்டி என்ன பயன்? வேலையை விட்டவர் போனில் கம்பெனி மெயில் கிடக்கக்கூடாது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். ஆனால் சர்வரில் இருந்து அழிக்க இரண்டு வழி உண்டு: ஒன்று அந்தக் கணக்கை மட்டும் அழிக்கும், இன்னொன்று போனையே துடைத்துவிடும். அந்த இரண்டாவதற்குத்தான் அன்றைக்கு நான் கதவைத் திறந்துவிட்டிருந்தேன்.

அதனால் இப்போது போனைக் கையில் வாங்கும் முன்பே ஒன்று சொல்கிறேன். உங்கள் ஐடி ஆட்களிடம், "நான் வேலையை விட்டால் எதை அழிப்பீங்க, மெயிலையா, போனையா?" என்று கேளுங்கள். பதிலை மெயிலிலேயே வாங்கி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அவுட்லுக் ஆப்பில் வைப்பது நல்லது, எக்ஸ்சேஞ்சிலிருந்து அழிக்கச் சொன்னாலும் அந்த ஆப்புக்குள் இருப்பதுதான் போகும். இன்னும் நல்லது ஒர்க் ப்ரொஃபைல். 2014-இல் ஆண்ட்ராய்டு 5 வந்தபோது சேர்ந்த வசதி இது, ஆபீஸ் ஆப்கள் தனி அறையில் இருப்பதுபோல் சின்னப் பெட்டி அடையாளத்தோடு இருக்கும், சொந்தப் போனில் வைத்தால் கம்பெனி அழிப்பது அந்த அறையை மட்டும்தான். உங்கள் கேலரிக்குள் அவர்களால் எட்டிப் பார்க்க முடியாது.

அப்புறம் வளைகுடாக்காரர்கள். குளச்சலில் இருந்து ஒருவர் வந்தார், துபாயில் வேலை. மெயிலுக்குள் போக பாஸ்வேர்டோடு கேட்கிற ஆறு இலக்க எண்ணைக் காட்டுவது ஆத்தென்டிகேட்டர் என்கிற ஆப், அது காட்டுகிற எண்ணைப் போட்டால் தப்பு, தப்பு என்றே வருகிறது. ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடலாமா என்று கேட்டார், நல்லவேளை கேட்டார், அழித்திருந்தால் அந்தக் கணக்குக்கு உள்ளே போக ஆபீஸைத்தான் கெஞ்ச வேண்டியிருந்திருக்கும். போனில் மணி சரியாகத்தான் இருந்தது. செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால் நேர மண்டலம் துபாய் என்றே இருக்கிறது. ஆட்டோமேட்டிக் நேரத்தை அணைத்துவிட்டு, ஊருக்கு வந்ததும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் கையால் தள்ளி வைத்திருக்கிறார். நம் கண்ணுக்கு அது சரியான இந்திய நேரம். ஆனால் அந்த எண் உலகப் பொது நேரத்தை வைத்து முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறுவது, போன் கணக்கில் உலகமே ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோமேட்டிக் நேரத்தைத் திரும்ப ஆன் செய்தேன், அடுத்த எண்ணே உள்ளே போய்விட்டது. காசு வாங்கவில்லை, டீ வாங்கித் தந்தார்.

அவருக்காவது ஆப் இருந்தது. பலருக்கு ஓடிபி துபாய் சிம்முக்குப் போகும், அந்த சிம்முக்கு இங்கே ரோமிங் இருக்காது. விமானம் ஏறும் முன்பே ஆத்தென்டிகேட்டரைப் போட்டுவிடுங்கள், அது எண் காட்ட சிக்னலே வேண்டாம். பேச்சிப்பாறை மலைக்குள் போய் நின்றாலும் காட்டும். போனை மாற்றும்போது, பழையதை ரீசெட் செய்யும் முன் அதைப் புதுப் போனுக்கு மாற்றிவிட வேண்டும்.

பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் தப்பு என்கிறதா? ஆப் பழசாக இருக்கலாம். வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போகும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து நிறுத்த ஆரம்பித்துவிட்டது. கம்பெனியின் லாகின் பக்கத்தையே திறந்து காட்டுகிற ஆப்தான் வேண்டும். சின்னக் கம்பெனிகளின் சொந்த சர்வர் என்றால், மெயிலை சர்வரிலேயே வைத்துக்கொண்டு போனில் காட்டுகிற ஐமேப் முறையைத் தேர்ந்தெடுங்கள், போர்ட் எண் கேட்டால் 993. பாப் என்கிற இன்னொரு முறை வேண்டாம், அது சில சமயம் மெயிலைப் போனுக்கு இழுத்துக்கொண்டு சர்வரில் அழித்துவிடும். 'எல்லாச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்' என்று ஒரு விருப்பம் தெரியும், அதைத் தொடாதீர்கள், போலி சர்வரையும் போன் நம்பிவிடும். ஆபீஸில் பாஸ்வேர்டு மாற்றினால் வீட்டில் பிள்ளைகள் விளையாடுகிற பழைய போனிலும் மாற்றுங்கள், அது பழைய பாஸ்வேர்டையே போட்டுப் போட்டுப் பார்த்துக் கணக்கைப் பூட்ட வைத்துவிடும். அப்புறம், தயவுசெய்து பாஸ்வேர்டைத் துண்டுத்தாளில் எழுதி என் கையில் தராதீர்கள், நீங்களே போடுங்கள், நான் திரும்பிக்கொள்கிறேன்.

போன மாதம் அந்தத் தக்கலைத் தம்பி மறுபடி வந்தான், புதுக் கம்பெனி, புது மெயில். அனுமதிப் பக்கம் வந்ததும் போனை என்னிடமிருந்து வாங்கி வரிவரியாகப் படித்தான். பின்னால் ரெண்டு பேர் காத்திருந்தார்கள். "ஒரு நிமிஷம்ணே" என்று கேன்சலை அமுக்கிவிட்டு, வெளியே போய் அவன் ஐடி ஆட்களுக்குப் போன் போட்டான்.