மீதரவா, மேல்நிலைத் தரவா?

'பின்னம்_புதுசு_கடைசி_2' என்ற பெயரில் ஒரு காணொலிக் கோப்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்து பார்க்காமல் அதைப் பற்றி என்ன தெரியும்? பின்னம் பற்றியது, அவ்வளவுதான். கூட்டலா கழித்தலா, எந்த வயதுப் பிள்ளைக்கு, எந்த மொழியில், எடுத்து நம் பாடத்தில் சேர்த்தால் யாராவது சண்டைக்கு வருவார்களா, ஒன்றும் தெரியாது. இந்தப் பதில்களை மனிதருக்கும் தேடுபொறிக்கும் புரிகிற மாதிரி கோப்போடு சேர்த்து எழுதி வைப்பதுதான் மெட்டாடேட்டா. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

சொல் எங்கிருந்து வந்தது? 'மெட்டா' கிரேக்கம், பின், அப்பால் என்று பொருள். 'டேட்டா' லத்தீன், கொடுக்கப்பட்டவை என்று பொருள். இரண்டையும் ஒட்டி 1968இல் பிலிப் பேக்லி என்பவர் நிரல்மொழிகள் பற்றிய தன் அறிக்கையில் பயன்படுத்தினார். தமிழில் 'தரவு' என்பதும் 'தா' என்ற வினையிலிருந்து வந்ததுதான் என்பதைக் கவனியுங்கள், வேருக்கு வேர் பொருந்துகிற கலைச்சொல் அபூர்வமாகத்தான் அமையும். (கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றுதான் பெயர், அது வேறு கதை.)

சிக்கல் எல்லாம் 'மெட்டா'வில்தான். 'மேல்நிலைத் தரவு' என்று சிலர் எழுதுகிறார்கள். மற்ற துறைகளில் போகட்டும், கல்வித் துறையில் மேல்நிலை என்றாலே மேல்நிலைப் பள்ளிதான் நினைவுக்கு வரும். 'கற்றல் வளங்களின் மேல்நிலைத் தரவு' என்று எழுதினால் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு என்று நினைத்துவிடுவார்கள். 'தரவு பற்றிய தரவு' என்பது விளக்கம், பெயர் இல்லை. எனக்குப் பிடித்தது 'மீதரவு'. மீ என்றால் மேல். மெட்டாவும் மீதுவும் ஒரே வேர் என்று சிலர் கிளம்புவார்கள், ஒலி ஒத்துப்போகிறது என்பதைத் தவிர அதற்குச் சான்று இல்லை, நம்பாதீர்கள். 'மீத்தரவு' என்று வல்லினம் மிக வேண்டாமா என்று கேட்டால், மீ என்ற சொல்லின் பின் இயல்பாகவும் வரலாம், மிகுந்தும் வரலாம் என்று நன்னூலே விட்டுவிட்டது. இரண்டும் சரி.

நூலகக்காரர்கள் இதை முதலில் ஒழுங்குபடுத்தினார்கள். 1995இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டப்ளினில் (அயர்லாந்து டப்ளின் இல்லை) கூடிப் பேசியதில் தொடங்கி, 15 கூறுகள் கொண்ட டப்ளின் கோர் என்ற மெட்டாடேட்டா தரநிலை உருவானது: தலைப்பு, ஆக்கியவர், மொழி, உரிமை, இப்படி. புத்தகத்துக்கு அது போதும். பாடத்துக்குப் போதாது, ஏனென்றால் அந்த 15இல் 'யாருக்கு' என்பதே இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். 2002இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு கற்றல் வளங்களுக்கென்றே வெளியிட்ட 'லாம்' தரநிலை இந்தக் குறையை நிரப்பப் பார்த்தது. அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: காணொலி ஓடும் நேரத்தைத் தொழில்நுட்பப் பகுதியிலும், அதைக் கற்க வழக்கமாக ஆகும் நேரத்தைக் கல்விப் பகுதியிலும் தனித்தனியாக வைத்தார்கள். ஆறு நிமிடக் காணொலியைப் புரிந்துகொள்ள அரை மணி நேரம் ஆகலாம் அல்லவா? தமிழில் படிவம் செய்கிறவர்கள் இரண்டுக்கும் 'கால அளவு' என்று போட்டுத் தொலைக்கிறார்கள். ஒன்று 'ஓடும் நேரம்', மற்றது 'கற்கும் நேரம்'. அப்புறம் 2011இல் தொடங்கிய எல்ஆர்எம்ஐ என்ற கற்றல் வள மெட்டாடேட்டா முயற்சி, வயது, பயன்பாடு, எதை அடிப்படையாகக் கொண்டது போன்ற சில கூறுகளை மட்டும் எடுத்துக்கொண்டு 2013இல் ஸ்கீமா.ஆர்க்கில், அதாவது வலைப்பக்க விவரங்களைக் குறிக்கத் தேடுபொறிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுச் சொற்பட்டியலில், சேர்ந்தது. சாதாரண வலைப்பக்கத்திலேயே தேடுபொறிக்குப் புரிகிற மாதிரி இவற்றை எழுதுவது அதன் பிறகு எளிதானது.

இவ்வளவையும் படித்துவிட்டு நன்னூல் சொல்லும் சிறப்புப் பாயிர இலக்கணத்தை, அதாவது நூலின் முன்னுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டு. 13ஆம் நூற்றாண்டு! 'வழி' என்பது எந்த நூலின் வழி வந்தது என்பது, அதாவது எல்ஆர்எம்ஐ கேட்கிற அதே 'எதை அடிப்படையாகக் கொண்டது'. டப்ளின்காரர்கள் முதலில் விட்ட 'கேட்போர்' இதில் உண்டு. காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகச் சொல்வாரும் உண்டு என்று நன்னூல் எழுதிய பவணந்தியாரே ஒரு குறிப்பு வைக்கிறார், தரநிலையின் அடுத்த பதிப்பு மாதிரி. அதற்காக மெட்டாடேட்டாவுக்குப் பாயிரம் என்று பெயர் வைக்கச் சொல்லமாட்டேன். பாயிரம் நூலோடு சேர்த்து வாசிக்கிற உரை. மீதரவு பெட்டி பெட்டியாகப் பிரித்து வைக்கிற குறிப்பு, பாடம் ஓரிடத்திலும் குறிப்பு வேறிடத்திலும் இருக்கலாம். பெட்டிகளுக்குப் பெயர் தேடும்போது மட்டும் தயங்காமல் அங்கிருந்து எடுக்கலாம்.

கற்றல் செயல்பாட்டுக்கு வந்தால் கோப்பே இருக்காது, ஒருவர் செய்ததுதான் இருக்கும். எக்ஸ்ஏபிஐ என்ற, கற்றல் அனுபவங்களைக் கணினியில் பதியும் முறை இதை யார், என்ன செய்தார், எதை என்று மூன்றாகப் பதிகிறது. 'மாணவி வினாடி வினாவை முடித்தாள்.' எழுவாய், செயப்படுபொருள், பயனிலை, பள்ளியில் படித்ததேதான். அந்தப் பெயர்களையே வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும், ஆனால் ஆசிரியர் நிரப்பும் படிவத்தில் 'யார், எதை, என்ன செய்தார்' என்றே எழுதிவிடுங்கள். அங்கே 'மீதரவு' என்ற தலைப்புகூட வேண்டாம், 'பாட விவரம்' போதும்.