ஓ குரூப்புக்கு மலேரியா லேசு, காலரா மோசம்

வீட்ல யாரு ஓ பாசிட்டிவோ அவங்களைத்தான் கொசு தேடி வந்து கடிக்கும்னு ஒரு பேச்சு இருக்குல்ல, அது ஒரு பக்கம் இருக்கட்டும், கடிச்சதுக்கு அப்புறம் உள்ள என்ன நடக்குதுங்கிறதுதான் எனக்கு பெரிய ஆச்சரியம்.

1901ல வியன்னாவுல கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடிச்ச இந்த குரூப் சமாச்சாரம் எல்லாமே சர்க்கரைதான். சிவப்பணு மேல குட்டி குட்டி சர்க்கரை சங்கிலி ஒட்டியிருக்கும், அதோட நுனியில ஒரு வகை சர்க்கரை சேர்ந்தா ஏ, இன்னொரு வகை சேர்ந்தா பி, ரெண்டும் இருந்தா ஏபி, எதுவுமே சேராம மொட்டையா நின்னா ஓ. (பாசிட்டிவ் நெகட்டிவ் தனிக் கதை, இங்க வேண்டாம்.) இதே சர்க்கரை நிறைய பேருக்கு எச்சில்லயும் குடலோட உள்சுவர்லயும் கூட இருக்கு, கிருமிங்களுக்கு அதுதான் வசதியா போச்சு.

மலேரியாவுல ஆளைக் கொல்ற வகை ஃபால்சிபாரம். அது சிவப்பணுக்குள்ள புகுந்துட்டு தன்னோட புரதங்களை அந்த அணுவோட வெளிப்பக்கம் நீட்டி விடும், அதுல ரிஃபின்னு ஒண்ணு ஏ சர்க்கரையை கெட்டியா பிடிச்சுக்கும். அப்படி பக்கத்துல போற நல்ல அணுக்கள் எல்லாம் வந்து ஒட்டி ரோஜாப்பூ மாதிரி ஒரு கொத்தாயிடும், கொத்து பெருசானா சின்ன ரத்தக்குழாய் அடைக்கும், மூளையில அடைச்சா கோமா வரைக்கும் போகும். ஓ குரூப்ல பிடிக்க சர்க்கரை இல்லாததால கொத்து சின்னதா இருக்கும், சீக்கிரம் பிரிஞ்சிடும். 2007ல வெளியான மாலி நாட்டு ஆய்வுல ஓ குரூப் பிள்ளைங்களுக்கு கடுமையான மலேரியா வர்ற வாய்ப்பு 66% குறைவா இருந்துச்சு. கவனிங்க, மலேரியாவே வராதுன்னு இல்ல, வந்தா முத்துறது குறைவு, அவ்வளவுதான்.

சரி ஓ தான் ராசியான குரூப்புன்னு நினைக்கிறதுக்குள்ள காலரா வந்து நிக்குது. காலராவுல அடி வாங்குறதே ஓ தான், டாக்கா பக்கம் இதை ரொம்ப வருஷமா பார்த்திருக்காங்க, 1991ல பெருவுல காலரா பரவுனப்பவும் அதேதான், அங்க ஜனங்கள்ல பெரும்பாலானவங்க ஓ வேற. கங்கை டெல்டாவுல ஓ கம்மி, பி ஜாஸ்தி, தலைமுறை தலைமுறையா காலரா வந்து ஓ குரூப்காரங்களை கழிச்சுக்கட்டிருச்சோன்னு ஒரு சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கே இருக்கு.

காலரா நச்சு குடல் செல்லுக்குள்ள போய் ஒரு சிக்னலை ஏத்திவிடும், அது ஏறுனா செல் உப்பையும் தண்ணியையும் குழாய் திறந்து விட்ட மாதிரி வெளிய கொட்டும். 2016ல லேப்ல குடல் செல்களை வச்சு பார்த்தப்ப ஓ வகை செல்லுல அந்த சிக்னல் ஏ வகையை விட ரெண்டு மடங்கு இருந்துச்சாம்.

கொரோனாவுலயும் ஏ கொஞ்சம் மோசம், ஓ கொஞ்சம் பரவால்லன்னு 2020ல வந்துச்சு, ஆனா வயசு, சுகர் வியாதி இதுக்கு முன்னாடி அந்த வித்தியாசம் ஒண்ணுமே இல்ல.

ஏ குரூப்புக்குன்னே ஒரு வயித்துப்போக்கும் இருக்குங்க. ஈ-கோலிங்கிற குடல் பாக்டீரியாவுல ஒரு வகை, பிசின் மாதிரி ஒரு புரதத்தை விட்டு ஏ சர்க்கரையில ஒட்டிக்குது. தெரிஞ்சே கிருமியை குடிச்ச அமெரிக்க வாலண்டியர்கள்ல (அந்த தைரியம் நமக்கு வராது) ஏ சர்க்கரை உள்ளவங்கள்ல 81% பேருக்கு சிகிச்சை தேவைப்பட்டுச்சு, பி, ஓ ஆளுங்கள்ல பாதி பேருக்குத்தான். இப்ப அந்த பிசினையே குறி வச்சு தடுப்பூசி பண்ணலாமான்னு யோசிக்கிறாங்க.