படியேற்றம்: ஸ்கேல்-அப்புக்கு ஒரு தமிழ்ச் சொல்

ஆய்வகத்தில் சிறு அளவில் செய்ததைப் பெரிய பாத்திரத்தில் செய்வதை ஸ்கேல்-அப் என்கிறார்கள். ஸ்கேல் என்ற சொல்லின் வேர் லத்தீன் ‘ஸ்காலா’. பொருள் ஏணி. ஏணிபோல வரிசையாகக் கோடு போட்ட அளவுகோலுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. நம் ‘படி’யும் அப்படித்தான்: ஏறுவதும் படி, அரிசி அளப்பதும் படி. ஆகவே ஸ்கேல்-அப்புக்குப் ‘படியேற்றம்’ என்பதே பொருத்தம். ‘உற்பத்திப் பெருக்கம்’ போதாது. ஒரு ஷிப்டை மூன்றாக்கினாலும் உற்பத்தி பெருகும். படியேற்றத்தில் பாத்திரம் பெரிதாகிறது, அதனால் செய்முறையே மாறுகிறது.

மதுரையில் ஜிகர்தண்டாவுக்குப் பால் சுண்டவைப்பவர்களுக்கு இது கைப்பாடம். 1 லிட்டர் பாலுக்கான தீயும் நேரமும் 50 லிட்டர் அண்டாவுக்கு ஒத்துவராது. மேலே சுண்டுமுன் அடி பிடிக்கும்.

நானோ துகள் செய்வதிலும் இதே பாடம்தான். நானோ என்பது கிரேக்கத்தில் குள்ளன். அளவில் நூறு கோடியில் ஒரு பங்கு. தமிழில் ‘மீநுண்’ என்கிறோம். மீநுண் வெள்ளித் துகளை எடுத்துக்கொள்வோம். வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றும் சோடியம் போரோஹைட்ரைடு கரைசல் (செறிவு 2 மில்லிமோலார்) 30 மி.லி. ஐஸில் குளிர்ந்திருக்க, அதைக் கலக்கியபடியே 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் 10 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். 3 நிமிடத்தில் சொட்டி முடியும்போது தெளிந்த மஞ்சள் நிறம் வரும்.

இதையே 1,000 மடங்காக்கினால் 40 லிட்டர். அதே வேகத்தில் சொட்டவிட்டால் 50 மணி நேரம் ஆகும். அதற்குள் போரோஹைட்ரைடு நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனாகப் போய்விடும். (மூடிய தொட்டியென்றால் வாயு வெளியேற வழி வைத்தே ஆக வேண்டும்.) மொத்தமாக ஊற்றினாலோ, விழுந்த இடத்தில் மட்டும் செறிவு ஏறி, துகள்கள் ஒட்டிக்கொண்டு, மஞ்சள் நிறம் சாம்பல் நிறமாகும். குளிரூட்டலும் இடறும்: கொள்ளளவு 1,000 மடங்கு, சுவர்ப்பரப்போ 100 மடங்குதான், ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சுவர் பத்தில் ஒன்று. ஆகவே வெள்ளிக் கரைசலை, கலக்கும் கருவியின் இதழுக்கு அருகில், பல முனைகளில் செலுத்துவார்கள்.

தண்ணீர் தனிக் கதை. 40 மி.லி.க்குக் காய்ச்சி வடித்த நீர் வாங்கியவர், 40 லிட்டருக்கு ஆர்.ஓ. தண்ணீர் போதுமென்பார். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பில் கொஞ்சம் தங்கினாலும் வெள்ளி குளோரைடாகி வெண்மையாகக் கலங்கும்.

தொட்டியைப் பெரிதாக்காமல், இரு கரைசலும் சந்திக்கும் மெல்லிய குழாய்களைப் பக்கம் பக்கமாகக் கூட்டுவதும் உண்டு. அதற்கு நம்பரிங்-அப் என்று பெயர்; ‘எண்ணேற்றம்’ எனலாம். அங்கே ஒரு குழாய் அடைத்தால் பிறவற்றில் ஓட்டம் கூடி, துகளின் அளவு மாறும்.