த்ரூபுட்: எவ்வளவு கடந்து போனது?

ரூட்டர் மந்தமாகிவிட்டது என்று உதவி கேட்பவர்கள் எழுதும் வரியில் இரண்டு சொற்கள் சேர்ந்தே வரும்: 'சிபியு லோடு 100 சதவீதம், த்ரூபுட் குறைவு.' ரூட்டரின் மூளையான சிபியு முழு வேலையில் மூழ்கியிருக்கிறது என்ற முதல் பாதியில் யாருக்கும் குழப்பமில்லை. இரண்டாம் பாதியை 'ஸ்பீடு குறைவு' என்று படித்துவிட்டு, இணைப்பு தருபவரோடு மல்லுக்கட்டப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் போயிருக்கிறேன். கடைசியில் பார்த்தால், ஒரு வாரத்துக்கு முன் நானே ரூட்டரில் போட்டு மறந்த வேகக் கட்டுப்பாட்டு விதிதான் காரணம்.

த்ரூபுட் என்றால், ஒன்றின் ஊடாகக் குறித்த நேரத்தில் உண்மையிலேயே கடந்து போன அளவு. கணினி வலையமைப்புகளுக்கு முன்பே ஆலைகளில் புழங்கிய சொல் இது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு நாளைக்கு எத்தனை பீப்பாய் கச்சா எண்ணெய் பதப்படுத்தப்படுகிறது என்பதை இன்றும் இதே சொல்லால் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இதன் கட்டமைப்பு எளிது. உள்ளே இடுவது இன்புட், வெளியே இடுவது அவுட்புட், ஊடே இடுவது த்ரூபுட். முதல் இரண்டுக்கும் உள்ளீடு, வெளியீடு என்று அழகான சொற்கள் அமைந்துவிட்டன. அதே அச்சில் வார்த்தால் மூன்றாவது 'ஊடீடு' ஆக வேண்டும். இலக்கணப்படி சரிதான், வாயில்தான் நுழையவில்லை.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது பேண்ட்வித். அது வானொலிக்காரர்களின் சொல். அலைவரிசையில் எவ்வளவு அகலம் கிடைக்கிறது என்பதைக் குறித்தது. தமிழில் பட்டை அகலம் என்கிறோம். எவ்வளவு போக இடம் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. எவ்வளவு போனது என்பதை த்ரூபுட் சொல்கிறது. தரவு பாக்கெட் எனும் சிறு துண்டுகளாகத்தான் போகிறது. கிகாபிட் கம்பியில், அதாவது வினாடிக்கு 1000 மெகாபிட் கம்பியில், 1500 பைட் பாக்கெட் ஒன்று, முகவரி முதலியவை எழுதிய முகப்புகள், அடுத்த பாக்கெட்டுக்கு முன் விடும் இடைவெளி எல்லாம் சேர்ந்து 1538 பைட் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதில் நம் கோப்புக்குச் சேர்வது அதிகபட்சம் 1460 பைட். அதனால் 1000 மெகாபிட் இணைப்பில் கைக்கு வருவது சுமார் 949. இதே கணக்கில் 100 மெகாபிட் இணைப்பில் 94, 95 வரும். உங்கள் ரூட்டரின் சிபியு சும்மா இருக்க, அளவு மட்டும் 94-ஐத் தாண்டாமல் நின்றால், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும்.

சரி, சிபியுவும் 100 சதவீதத்தைத் தொட்டிருந்தால்? அங்கேதான் லோடு என்ற சொல்லைக் கொஞ்சம் கிளற வேண்டும். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச் சொல்லுக்கு வழி, பயணம் என்று பொருள். சுமப்பது, சுமை என்பதெல்லாம் பிறகு ஏறிக்கொண்டவை. ரூட்டர் என்ற பெயருக்குள் இருக்கும், பாதை என்று பொருள்படும் ரூட் என்ற சொல்லும் லத்தீனில் 'உடைத்துத் திறந்த வழி'யிலிருந்து வந்ததுதான். இரண்டும் வழியில் பிறந்து, இன்று ஒரே பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

தமிழில் லோடு என்பதற்குச் சுமை போதும். பாக்கெட்டைப் பொதி என்று எழுதுவதிலும் ஒரு வசதி இருக்கிறது: ரூட்டரின் சுமையைப் பொதிகளை எண்ணித்தான் அளக்க வேண்டும், பிட்டுகளை எண்ணி அல்ல. ஒவ்வொரு பொதிக்கும் முகவரி பார்ப்பது, விதிகளோடு ஒப்பிடுவது, அடுத்த வாசலுக்கு அனுப்புவது என்று வேலை ஏறக்குறைய ஒன்றுதான், பொதி சிறிதானாலும் பெரிதானாலும். கிகாபிட் கம்பி பெரிய பொதிகளால் நிரம்பினால் வினாடிக்கு ஏறத்தாழ 81,000 வரும். மிகச் சிறிய 64 பைட் பொதிகளால் நிரம்பினால் 14,88,095. அதாவது ஒரு பொதிக்கு 672 நானோ வினாடி. சிபியுவுக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதியைக் கோர் என்பார்கள். 1 கிகாஹெர்ட்ஸ் சிபியுவின் ஒற்றைக் கோருக்கு அது 672 துடிப்புகள்; அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஒரு கோப்பை இறக்கும்போது பறக்கிற ரூட்டர், சிறு பொதிகளாக அனுப்பும் குரல் அழைப்புகளும் விளையாட்டுகளும் ஏராளமாகக் குவிந்தால் திணறக்கூடும் என்பது இதனால்தான்.

ஆகவே பல ரூட்டர்கள் தெரிந்த இணைப்பின் பொதிகளை சிபியுவுக்குக் காட்டாமல், வன்பொருள் வழியாகவோ குறுக்குவழியாகவோ அனுப்பிவிடுகின்றன. வேகக் கட்டுப்பாடு, உள்ளடக்க ஆய்வு போன்றவற்றைப் போட்டால் பல கருவிகளில் அந்தக் குறுக்குவழி அடைபட்டு, எல்லாப் பொதியும் சிபியு வாசலில் வந்து நிற்கும். என் கதையில் நடந்தது அதுதான். தரவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் விபிஎன் மறையாக்கமும் வன்பொருள் துணை இல்லாவிட்டால் சிபியுவை விழுங்கிவிடும். எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஃபயர்வால் விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுவதால், 'ஏற்கெனவே தொடங்கிய இணைப்பு என்றால் விடு' என்ற விதி மேலே இருக்க வேண்டும். இணையதளப் பெயருக்கு எண் முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் சேவையின் கதவு வெளியுலகுக்குத் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; ஊர் பேர் தெரியாதவர்களின் கேள்விகளுக்கெல்லாம் உங்கள் ரூட்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். அப்புறம், அளக்கும் கருவியை ரூட்டரிலேயே ஓட்டினால் அதுவும் சுமைதான். இருபுறமும் இரண்டு கணினிகளை வைத்து, ரூட்டரின் ஊடாக அளக்க வேண்டும்.

சதவீதத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். நான்கு கோர் கொண்ட ரூட்டரில் 25 சதவீதம் என்று காட்டினால், ஒரு கோர் மூச்சுமுட்டி, மற்ற மூன்றும் வேடிக்கை பார்ப்பதாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கோரையும் தனித்தனியே பாருங்கள்.

இனி தமிழ்ச் சொல். ரூட்டருக்குத் திசைவி நன்றாகவே நிலைத்துவிட்டது. சிபியு என்கிற பிராசசருக்குச் செயலி என்றால் இப்போது எல்லோருக்கும் கைபேசி ஆப் நினைவுக்கு வருகிறது; மையச் செயலகம் என்றால் கோப்புகள் அடுக்கிய அரசு அலுவலகம். அதனால் நுண்செயலி என்பேன். த்ரூபுட்டுக்குச் செய்திறன் என்றால், திறன் என்ற சொல்லே முடியக்கூடியதைக் குறித்து, நாம் தப்ப நினைத்த குழப்பத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. செயல்வீதத்தில் 'ஊடே' என்பது காணாமல் போகிறது. கடத்தல் வீதம் எனலாம், ஆனால் கடத்தல் என்றாலே காவல்துறைதான் வருகிறது! எனக்குப் பிடித்தது கடப்பு வீதம். கடவுச்சொல்லும் கடவுச்சீட்டும் பிறந்த அதே 'கட' தான் வேர்.

'நுண்செயலிச் சுமை 100 சதவீதம், கடப்பு வீதம் 180 மெகாபிட்' என்று அடுத்த முறை உதவி கேட்டு எழுதும்போது, வினாடிக்கு எத்தனை பொதி என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பதில் சொல்பவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.