பழைய பிரிண்டருக்கு யூஎஸ்பி வயர் ஏன் போதாது?

புறக்கோட்டை மொத்தக் கடைகளில் பில் போடும்போது 'கிர்ர், கிர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். லேசர் வந்தும் இது போகவில்லை. காரணம், இதன் தலையில் உள்ள ஊசிகள் ரிப்பனை அடித்து எழுத்தைப் பதிக்கின்றன. அந்த அடி கீழே இருக்கும் கார்பன் கொப்பியிலும் விழும். மை தெளிக்கிற பிரிண்டரால் அது ஆகாது.

பிரிண்டர் இலேசில் சாகாது. அதை ஓட்டும் கணினி செத்துப்போனால்தான் தலையிடி. புதியதில் பரலல் போர்ட், அதாவது இந்தப் பிரிண்டரின் வயரைச் சொருகும் இடம், இருக்காது. சரி என்று பம்பலப்பிட்டிப் பக்கம் போய், ஒரு முனை யூஎஸ்பியும் மறுமுனை பரலலுமாக ஒரு வயர் வாங்கி மாட்டினால், விண்டோஸிலிருந்து அழகாக அச்சாகும். விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளக் காலத்துப் பில் புரோகிராம் மட்டும் அசையாது.

ஏன்? பரலல் போர்ட்டின் முறையைப் பார்த்தால் புரியும். சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970களில் தன் பிரிண்டர்களுக்கு வகுத்த முறை இது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி அதை 25 முனைச் சொருகியோடு எடுத்துக்கொண்டது. ஒரு எழுத்துக்கு 8 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன எட்டு இலக்கம். ஒவ்வொரு பிட்டுக்கும் தனி வயர், 2ஆம் முனையிலிருந்து 9ஆம் முனை வரை. ஆங்கிலப் பெரிய 'ஏ'யின் எண் 65. அதை அனுப்ப 2ஆம், 8ஆம் முனைகளில் மட்டும் மின்னழுத்தம் ஏறும். மற்ற ஆறும் இறங்கி நிற்கும்.

ஆனால் எப்போது படிப்பது என்று பிரிண்டருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் 1ஆம் முனை, ஸ்ட்ரோப். கணினி அதைக் குறைந்தது அரை மைக்ரோ செக்கன் கீழே இறக்கி ஏற்றும். உடனே பிரிண்டர் எட்டு வயரையும் படித்துக்கொண்டு, 11ஆம் முனையை உயர்த்தி 'வேலையாக இருக்கிறேன்' என்னும். முடிந்ததும் 10ஆம் முனையில் ஒரு சின்னத் துடிப்பு. அப்புறம் அடுத்த எழுத்து. கடதாசி தீர்ந்தால் சொல்ல 12ஆம் முனை.

இதையெல்லாம் செய்ய புரோகிராம் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கணினிக்குள் இந்தப் போர்ட்டுக்கு வழக்கமாக உள்ள முகவரி, பதினறும (ஹெக்ஸ்) எண் 378. அதில் எழுத்தைப் போட்டால் அது நேரே வயருக்குப் போகும். பல டொஸ் புரோகிராம்கள் அப்படித்தான் எழுதப்பட்டன.

யூஎஸ்பி வேறு ஜாதி. சொருகியதும் கருவி தன்னை அறிமுகப்படுத்த வேண்டும்; அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் வர வேண்டும்; தரவு பொட்டலமாகப் போகும். அந்த வயரின் தலைக்குள் இருக்கும் சிப்தான் பொட்டலத்தைப் பிரித்து ஸ்ட்ரோப் ஆட்டுகிறது. 378 என்ற முகவரி அங்கே கிடையாது. காலி வீட்டுக் கதவைத் தட்டின மாதிரித்தான் பில் புரோகிராமின் கதை.

புரோகிராம் முகவரியைத் தொடாமல், முதல் பரலல் போர்ட்டுக்கு டொஸ் வைத்த 'எல்பிடி1' என்ற பெயரைச் சொல்லி அச்சிட்டால் பிழைக்க வழி உண்டு. பிரிண்டரை நெட்வேர்க்கில் பகிர்ந்து, 'நெட் யூஸ்' கட்டளையால் அந்தப் பெயரை அங்கே திருப்பிவிடலாம். 64 பிட் விண்டோஸ் என்றால் அதுவும் சிக்கல். 16 பிட் டொஸ் புரோகிராம் அதில் நேரடியாக ஓடாது. பரலல் போர்ட் கார்ட் வாங்கிப் போடலாம், ஆனால் அது பெரும்பாலும் 378இல் உட்காராது. என்னைக் கேட்டால், போர்ட் உள்ள பழைய கணினி ஒன்றைத் தேடி வாங்குவதே மேல். வயரை மாட்டும்போது கணினி, பிரிண்டர் இரண்டையும் நிறுத்திவிட்டு மாட்டுங்கள். ஓடும்போது சொருகிப் பிடுங்குவதற்காக இந்தப் போர்ட் செய்யப்படவில்லை, சிப் எரிந்துபோகக்கூடும்.