படமாக வரும் அறிவிப்பும் படிக்கும் உரிமையும்: மின் ஆவணங்கள் பற்றிச் சட்டம் சொல்வது என்ன?

அரசு அலுவலகம், வங்கி, பள்ளி, அறக்கட்டளை என எதுவாக இருந்தாலும், அது பொதுமக்களுக்கென வெளியிடும் மின் ஆவணத்தைப் பார்வை மாற்றுத்திறனாளி ஒருவர் பிறர் உதவியின்றித் தம் கைப்பேசியிலோ கணினியிலோ உள்ள திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) மூலம் படித்துக்கொள்ள முடிய வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதற்கு வழி செய்துள்ளது. இச்சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆயினும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் அன்றாடம் கைக்கு வரும் தமிழ்ப் பிடிஎஃப் கோப்புகளைத் திறந்து பார்த்தால், அவற்றில் பல கையெழுத்தும் முத்திரையும் இட்ட காகிதத்தை ஸ்கேன் செய்த படங்களாகவே உள்ளன. படத்தில் எழுத்து இல்லை. ஆகவே திரைவாசிப்பானுக்குப் படிக்க எதுவும் இல்லை.

செட்டிநாட்டில் இந்தச் சிக்கல் சற்றுக் கூடுதலாகவே உறைக்கும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் முதியவர்கள் மட்டும் தங்கியிருப்பது இங்கே சாதாரணம். சொத்து வரிக் கேட்பு, வங்கிக் கணக்கு அறிக்கை, கல்லூரிக் கட்டண விவரம், கோயில் திருப்பணி அறிவிப்பு எல்லாம் வாட்ஸப்பில் வந்து சேர்கின்றன. “ஆச்சி, அனுப்பியிருக்கேன், பாத்துக்கங்க” என்று அனுப்பியவர் முடித்துக்கொள்கிறார். பார்வை மங்கிய அந்த ஆச்சி, பேரன் தொலைபேசியில் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டியதாகிறது.

முதலில் சட்டப் பிரிவுகளைப் பார்க்கலாம். அச்சு, ஒலி, மின்னணு ஊடகங்களில் கிடைக்கும் உள்ளடக்கம் அனைத்தும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் இருப்பதற்கு அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 42-ஆவது பிரிவு. நீதியை அணுகுவது பற்றிய 12-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, அரசின் பொது ஆவணங்கள் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் இருக்க வகை செய்ய வேண்டும் என்று தனியாகவும் சொல்கிறது. 46-ஆவது பிரிவு, அரசானாலும் தனியாரானாலும் சேவை வழங்குவோர் எல்லோரும் அணுகல்தன்மை விதிகளின்படி சேவை அளிக்க வேண்டும் என்றும், அந்த விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அதைச் செய்து முடிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது.

தனியார் என்ற இடத்தில் நம் ஊரார் சிறிது நின்று கவனிக்க வேண்டும். நிறுவனம், கூட்டாண்மை, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றோடு அறக்கட்டளையையும் சட்டம் தனியார் நிறுவனம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் காலம் தொட்டு இவ்வட்டாரத்துக் கல்வி நிலையங்களும் விடுதிகளும் அறக்கட்டளைகளால் வளர்ந்தவை. எனவே, பிடிஎஃப் ஆகச் சேர்க்கை விண்ணப்பம் வெளியிடும் பள்ளி அறக்கட்டளை, “இதெல்லாம் அரசு அலுவலகங்களுக்குத்தான்” என்று ஒதுங்க முடியாது. அதே வேளையில், வளவு வீட்டுப் பங்காளிகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் கடிதத்தை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. அங்கே நல்லெண்ணம்தான் வேலை செய்ய வேண்டும்.

இந்த உரிமைக்கு மாற்றுத்திறன் சான்று வேண்டுமா என்ற இன்னொரு ஐயமும் பலருக்கு உண்டு. வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீதக் குறைபாடு எனச் சான்று வேண்டும். மேலே சொன்ன அணுகல்தன்மைப் பிரிவுகள் அந்த வரம்பை நிபந்தனையாக வைக்கவில்லை. மேலும், இது பார்வையற்றோருக்கு மட்டும் உரியதன்று. கை அசைவு குறைந்து விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துவோர், எழுத்துகளைப் பிரித்தறிவதில் இடர்ப்படுவோர், எழுத்தைப் பல மடங்கு பெரிதாக்கிப் படிப்போர் ஆகியோருக்கும் இதே ஏற்பாடு உதவுகிறது.

விதிகளின் நிலை சற்றுச் சிக்கலானது. 2017-இல் வந்த மத்திய விதிகளின் 15-ஆவது விதி, இணையதளத்தில் ஏற்றப்படும் ஆவணங்கள் ஈபப் என்னும் மின்னூல் வடிவிலோ, எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) வழியாக எழுத்தாக மாற்றப்பட்ட பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்றது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தின் 40-ஆவது பிரிவு கட்டாயத் தரங்களை வகுக்கச் சொல்லியிருக்க, 15-ஆவது விதியின் முதல் உட்பிரிவு வெறும் வழிகாட்டுதல்களைத் தொகுத்து நின்றுவிட்டது என்று கண்டு, அந்த உட்பிரிவு சட்டத்துக்கு முரணானது என அறிவித்ததோடு, கட்டாயமானவை எவை, படிப்படியாகச் செய்யத்தக்கவை எவை என்று பிரித்துப் புதிய விதிகளை 3 மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்த உட்பிரிவு போனதால் உரிமையும் போய்விட்டது என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். அது தவறான வாசிப்பு. விதி போதிய வலுவுடன் இல்லை என்பதே நீதிமன்றத்தின் குறை. அடுத்து, 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, மின்வழி அணுகல் என்பது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்று கூறி, வங்கிகளின் மின்வழி அடையாளச் சரிபார்ப்பு முறைகளை மாற்றியமைப்பது உள்ளிட்ட 20 கட்டளைகளைப் பிறப்பித்தது.

தொழில்நுட்ப அளவுகோல்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 17802 உள்ளது. அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர் அதைப் படித்துத்தான் தீர வேண்டும் என்பதில்லை. அவர் அறிய வேண்டியவை சிலவே.

கோப்பைச் சோதிப்பது எப்படி?

கையிலுள்ள பிடிஎஃப் கோப்பைத் திறந்து, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வாட்ஸப்பிலோ நோட்பேடிலோ ஒட்டிப் பார்க்க வேண்டும். பாதிக் குறைகள் இதிலேயே தெரிந்துவிடும்.

வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது படம். வரி ஒட்டப்படுகிறது, ஆனால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குவிகின்றன என்றால், ஆவணம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. காரைக்குடி என்ற பெயரைப் பாமினியில் அடித்தால், கண்ணுக்குக் காரைக்குடி என்று தெரிந்தாலும், கோப்பின் உள்ளே இருப்பவை எஃப், எச், ஐ, யு, எஃப், அரைப்புள்ளி, எஃப், பி என்னும் குறிகளே. திரைவாசிப்பான் அவற்றைத்தான் உச்சரிக்க முயலும். கேட்பவருக்கு ஊர் பெயர் கிடைக்காது. யூனிகோடு எனப்படும் ஒருங்குறியை, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையை, தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் பல அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும், விரல் பழக்கம் காரணமாக, இன்னமும் பழைய எழுத்துருவை விடவில்லை. விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதே இல்லை. அதே விசைப்பலகை அமைப்பில் ஒருங்குறியில் அடிக்க உதவும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கோப்புகளை மாற்றுவதற்கும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவை உள்ளன. கோப்பை மொத்தமாக மாற்றும்போது ஊடே வரும் ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும் என்பதை மட்டும் கவனித்துத் திருத்த வேண்டும்.

மூன்றாவது குறை நுட்பமானது. தமிழுக்கும் வேறு சில இந்திய மொழிகளுக்கும் உரியது. ஒருங்குறியில் அடித்த ஆவணமாக இருந்தும், பிடிஎஃப் ஆக்கியபின் நகலெடுத்து ஒட்டினால், “தேவகோட்டை” என்பது “ேதவேகாட்ைட” என்று வரும். ஒருங்குறி முறையில் மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னரும் சேமிக்கப்படுகின்றன. பிடிஎஃப் கோப்போ தாளில் தெரியும் வரிசையில் வடிவங்களை அடுக்குகிறது. ஆகவே ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னே போய் நிற்கின்றன. கண்ணால் படிப்பவருக்கு வேறுபாடே தெரியாது. செவியால் படிப்பவருக்குச் சொல் உடைந்துவிடும். தேடல் பெட்டியில் தேவகோட்டை என்று தேடினாலும் அகப்படாது.

இதனால், தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை பிடிஎஃப் ஒன்றை மட்டும் நம்பியிருப்பது சரியான வழியன்று என்பது என் கருத்து. அறிவிப்பை இணையப் பக்கத்திலேயே எழுத்தாக இடலாம். நீண்ட ஆவணத்தை ஈபப் கோப்பாகவோ, மூல வேர்டு கோப்பாகவோ பிடிஎஃப்-உடன் சேர்த்து வெளியிடலாம். ஈபப் வடிவில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடிந்துகொள்ளும் என்பதால், பார்வை மங்கியவர்கள் இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிராது.

கையெழுத்து என்ன ஆவது என்ற கேள்வி உடனே எழும். ஸ்கேன் செய்வதற்கு அலுவலகங்கள் சொல்லும் காரணம் அதுவே. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 மின்னணுக் கையொப்பத்தை ஏற்றுக்கொள்கிறது; அதை இட்டால் எழுத்து எழுத்தாகவே இருக்கும். அந்த வசதி இல்லாத இடத்தில், கையெழுத்திட்ட படத்தையும் கையெழுத்திடாத எழுத்துக் கோப்பையும் அருகருகே ஏற்றிவிட்டால் போதும். தட்டச்சு செய்த கோப்பு எப்படியும் அதே கணினியில்தான் இருக்கிறது. எழுத்தை அச்சிட்டு, படமாக்கி, பிறகு அந்தப் படத்திலிருந்து எழுத்துணரி மூலம் எழுத்தை மீட்பது வீண் வேலை. மூலக் கோப்பே இல்லாத பழைய ஆவணங்களுக்கு மட்டும் எழுத்துணரியை நாடலாம். அப்போதும் ஒருவர் ஒப்பிட்டுப் படித்தே தீர வேண்டும், ஏனென்றால் ரகரமும் துணைக்காலும் குழம்பும். மெய்ப்புள்ளி தூசியோடு தூசியாகக் காணாமற்போகும். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் விளைவு பெரிது.

தட்டச்சு செய்யும்போது

வேர்டில் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி நடுவில் வைப்பதோடு நிறுத்தாமல், தலைப்பு என்னும் பாணியையே தேர்ந்தெடுக்க வேண்டும். திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் 40 பக்க ஆவணத்தில் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்வது அதைக் கொண்டுதான். ஆவணத்தின் மொழி தமிழ் என்று குறித்தால் திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்ள ஏதுவாகும். பிடிஎஃப் ஆக்கும்போது அச்சிடும் கட்டளை வழியாகப் போகாமல், சேமிக்கும் கட்டளை வழியாகச் சென்று, தலைப்பு எது, அட்டவணை எது என்று காட்டும் கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கும் விருப்பத்தைத் தேர்வுசெய்ய வேண்டும். அச்சிடும் வழியில் அந்தக் குறிகள் எல்லாம் உதிர்ந்துவிடும். லிப்ரே ஆபிஸிலும் இதற்கு நிகரான விருப்பம் உண்டு.

அட்டவணைதான் மிகுதியாகச் சிதைவது. ஒரு பள்ளியின் கட்டண அட்டவணையில் வகுப்பு, பருவக் கட்டணம், பேருந்துக் கட்டணம் என்று மூன்று தலைப்புகள் இருப்பதாகக் கொள்வோம். மேல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று குறித்திருந்தால், பயனர் ஒரு கட்டத்துக்கு வரும்போது “பேருந்துக் கட்டணம், 800” என்று கேட்கும். குறிக்காவிட்டால் 800 என்று மட்டும் கேட்கும். அது எதற்குரிய தொகை என்பதை அவரே நினைவில் எண்ணிக்கொண்டு வர வேண்டும். அழகுக்காகக் கட்டங்களை இணைத்துவிட்டால் அந்த எண்ணிக்கையும் தவறும். விண்ணப்பங்களில் பெயர் எழுத இடம் விடுவதற்காக அடுக்கப்படும் புள்ளிகள் சில அமைப்புகளில் “புள்ளி புள்ளி புள்ளி” என்று ஒலிக்கும். நிரப்பத்தக்க படிவக் கட்டம் வைப்பதே அதற்கு மாற்று. திருப்பணி நன்கொடைக்கென அச்சிடும் க்யூஆர் குறிக்குக் கீழே யுபிஐ முகவரியை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒளிப்படங்களுக்கும் முத்திரைகளுக்கும், அவற்றில் இருப்பதை எழுத்தில் சொல்லும் ஒரு வரி மாற்று விளக்கம் போதும். கடைசித் தேதியைச் சிவப்பு நிறத்தால் மட்டும் உணர்த்தக் கூடாது.

எல்லாம் முடிந்தபின், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் என்னும் திரைவாசிப்பானை இயக்கியோ, கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை நிறுவியோ, திரையைப் பார்க்காமல் ஒரு பக்கம் கேட்டுப் பார்ப்பதை விடச் சிறந்த சோதனை இல்லை.

கேட்டுப் பெறுவது

முதலில் ஆவணத்தை வெளியிட்ட அலுவலகத்துக்கே மனு கொடுக்கலாம். “தாங்கள் வெளியிட்டுள்ள இன்ன தேதியிட்ட அறிவிப்பு படமாக இருப்பதால் திரைவாசிப்பானில் படிக்க இயலவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பிரிவுகள் 12(4), 42, 46 ஆகியவற்றின்படி, இதனை ஒருங்குறி எழுத்து வடிவில் எனக்கு அனுப்பி, இணையதளத்திலும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்” என்ற அளவில் எழுதினால் போதும். தனியார் நிறுவனத்துக்கு எழுதினால் 46-ஆவது பிரிவை முதன்மையாகக் குறிப்பிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் தகவல் கேட்பவர், அச்சட்டத்தின் 7(4) பிரிவைச் சுட்டலாம். புலன் குறைபாடுள்ள விண்ணப்பதாரர் தகவலை அணுகுவதற்குப் பொதுத் தகவல் அலுவலர் உதவி செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது.

பதில் வராவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு அளிக்கலாம். செட்டிநாட்டு ஊர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிவகங்கை, ராயவரம் போன்றவற்றுக்குப் புதுக்கோட்டை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு நகல் கொடுப்பது நல்லது. அதன் பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். விசாரணையின்போது அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்கள் உண்டு. அவர் ஒரு பரிந்துரையை அனுப்பினால், உரிய அலுவலகம் அதன்மீது எடுத்த நடவடிக்கையை 3 மாதங்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தையோ விதிகளையோ மீறுவோருக்கு 89-ஆவது பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க இடமிருக்கிறது. மனுவோடு, அந்தக் கோப்பையும் அது கிடைத்த இணைய முகவரியையும் பதிவிறக்கிய தேதியையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். புகார் போனபின் கோப்பு சத்தமின்றி மாற்றப்படுவதுண்டு. மாற்றப்பட்டால் நல்லதுதான், ஆயினும் ஆணையர் முன் முதல் கோப்பைக் காட்ட வேண்டியிருக்கலாம்.